குன்னூரில் ஒரு உள்நாட்டுப் பங்கு ஆலோசனை அலுவலகம்: பத்து மாத அனுபவம்

கோத்தகிரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு பட்டறை நடத்துகிறோம். தேயிலைத் தொழிற்சாலைகளின் வாட்டத் தொட்டிகளில் காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளந்து, விசிறி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் கருவியே எங்கள் பொருள். அதை இந்தோனேசியாவுக்கு விற்க முயன்றபோது, லோக்கல் கன்டென்ட் என்று பேச்சில் சொல்லப்படும் உள்நாட்டுப் பங்கு விதியில், அதாவது பொருளின் மதிப்பில் ஒரு பகுதி அது விற்கப்படும் நாட்டிலேயே உருவாகியிருக்க வேண்டும் என்ற விதியில், சிக்கினோம். அதிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது குன்னூர் பெட்ஃபோர்டுக்கு அருகில், ஒரு மாடி அறையில், ஓர் அம்மையாரும் ஒரு உதவியாளரும் மட்டும் நடத்தும் ஆலோசனை அலுவலகம். அவர்களுடைய சேவையைப் பற்றி எழுதுகிறேன். மலையில் இருந்துகொண்டு மின்னணுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் எவருக்கும் இந்த அலுவலகத்தை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் அவர்கள் எங்களைக் காக்க வைத்தார்கள், ஒரு முக்கியமான செய்தியைத் தாமதமாகச் சொன்னார்கள். அவற்றையும் மறைக்காமல் சொல்வதே முறை.

இவர்களிடம் போவதற்கு முன்னர் சமவெளியில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்திடம் பணம் கட்டியிருந்தோம். அந்த நிறுவனம் எங்களுக்கு ஆசியான்–இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ், பொருள் எங்கே உருவானது என்று காட்டும் மூலநாட்டுச் சான்றிதழ் வாங்கித் தந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, பொருளின் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். இறக்குமதி செய்த பாகங்களின் சுங்கத் துணைத்தலைப்பும், அதாவது சுங்கப் பட்டியலில் அவற்றின் வகை எண்ணும், தயாரிப்பில் மாறியிருக்க வேண்டும். எங்கள் கருவி இரண்டிலும் தேறியது. "35 சதவீதம் வந்துவிட்டது, இனி விற்கலாம்" என்று அங்கே சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். வட சுமத்ராவின் சிடமானிக் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்குக் கருவிகள் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனத்துக்கு ஆவணங்களை அனுப்பினோம். ஒரு வாரத்தில் ஒற்றை வரிப் பதில் வந்தது: உங்கள் பொருளின் உள்நாட்டுப் பங்கு பூஜ்யம்.

குன்னூர் அம்மையார் எங்களிடம் முதலில் விளக்கியது இந்த இரண்டு கணக்குகளின் வேறுபாட்டைத்தான். தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர் அவர். எங்கள் கோப்பைப் புரட்டி முடித்ததும், "தம்பி, இந்தச் சான்றிதழ் சுங்க வாசலில் வரியைக் குறைக்கும். அதற்குமேல் இதற்கு வேலை இல்லை. வாங்குபவர் கேட்பது இந்தோனேசியாவில் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்ற கணக்கை" என்றார். மூலநாட்டு விதிக்கு இந்தியாவில் செய்த வேலை பெருமை. உள்நாட்டுப் பங்கு விதிக்கு அதே வேலை அந்நியப் பொருள். கோவையில் வார்த்த பெட்டியானாலும் ஷென்செனில் செய்த சிப்பானாலும், அந்தக் கணக்கில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். அந்த நாட்டு மொழியில் இதற்குத் 'திங்க்காட் கொம்போனென் டாலம் நெகெரி' என்று பெயர். சுருக்கமாக டி.கே.டி.என். 'நெகெரி' என்பது நம் 'நகரி'யின் உறவுச் சொல், அங்கே அது நாட்டைக் குறிக்கிறது என்றும் அவர் சொன்னார். எண்களுக்கு நடுவே இப்படிச் சொற்களையும் விளக்கியதால், பிறகு வந்த ஆவணங்களைப் படிக்க எங்களுக்குப் பயம் குறைந்தது.

எங்கள் வாடிக்கையாளர்கள் அரசுக்குச் சொந்தமான தோட்டங்கள். அதனால் சிக்கல் இரண்டு மடங்கு. 2018-ஆம் ஆண்டின் அரசு விதிப்படி, ஒரு பொருள் வகையில் டி.கே.டி.என் புள்ளியும், நிறுவனம் அந்த நாட்டுக்குச் செய்யும் நன்மைகளுக்கான கூடுதல் புள்ளியும் சேர்ந்து 40-ஐத் தொடும் உள்நாட்டுத் தயாரிப்பு கிடைக்கிறது என்றால், அரசு அலுவலகங்களும் அரசு நிறுவனங்களும் உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும். அப்படி வாங்கப்படும் பொருளின் டி.கே.டி.என் மட்டும் குறைந்தது 25 இருக்க வேண்டும். கூடுதல் புள்ளிக்கு உச்சவரம்பு 15. சிறு நிறுவனங்களோடு கூட்டு, தொழிலாளர் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், விற்பனைக்குப் பிந்தைய சேவை போன்றவற்றுக்கு அது கிடைக்கும். விலையில் நாங்கள் எவ்வளவு இறங்கினாலும் இந்த வேலியைத் தாண்ட முடியாது என்பதை அம்மையார் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். முந்தைய நிறுவனம் இதைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இந்த அலுவலகத்தின் உண்மையான பலம் அடுத்த மூன்று அமர்வுகளில் தெரிந்தது. எங்கள் பொருள் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு வரியாக, ஒரு மின்தடையைக்கூட விடாமல் அவர் வாசித்தார். ஈரப்பத உணரி ஸ்விட்சர்லாந்திலிருந்து வருகிறது. ரேடியோ சிப், மின்வழங்கி, திரை ஆகியவை சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகின்றன. சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் வேலை கோவையில் நடக்கிறது. நாங்கள் போட்டு வைத்திருந்த கணக்கில் எங்கள் பொருளின் இந்தியப் பங்கு 58 சதவீதம். அதைப் பார்த்து, இந்திய அரசு ஒப்பந்தப்புள்ளிக்குக்கூட இந்தக் கணக்கு நிற்காது என்றார். அதுவரை நாங்கள் அறியாத செய்தி அது. 2017-இல் வெளியான மத்திய அரசின் கொள்முதல் ஆணைப்படி 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு வழங்குநர், 20-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 20-க்குக் கீழே போனால் உள்நாட்டு வழங்குநர் என்ற தகுதியே இல்லை. போக்குவரத்து, காப்பீடு, நிறுவும் பணி, பயிற்சி, விற்பனைக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவற்றை உள்நாட்டு மதிப்பாகக் காட்டக் கூடாது. 2024 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இறக்குமதிப் பொருளை உள்ளூர் விநியோகஸ்தரிடம் ரூபாயில் வாங்கினாலும் அது இறக்குமதிதான். கோவைக் கடையில் பில் போட்டு வாங்கிய சிப்புகளை எல்லாம் நாங்கள் இந்தியப் பொருள் என்று எழுதி வைத்திருந்தோம். அவற்றைக் கழித்தபோது 58 என்பது 36 ஆகியது. தவறான உறுதிமொழி கொடுப்பவர்களை இரண்டு ஆண்டுகள் வரை கொள்முதலிலிருந்து விலக்கி வைக்க இடம் இருக்கிறது என்பதால், அந்த ஒரு மதிய நேரமே எங்கள் கட்டணத்துக்கு ஈடாகிவிட்டது என்று கருதுகிறேன்.

இந்தோனேசியக் கணக்குக்கு வந்தபோது அவர் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார். அங்கே செய்யவே முடியாதது எது? உணரி, சிப்புகள், திரை. அவற்றை ஒதுக்கி வைத்தார். அங்கே செய்ய முடிந்தும் நாம் இங்கே செய்துகொண்டிருப்பது எது? வெளிப்பெட்டி, இரும்புப் பலகை, கம்பிகள், விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்மாற்றி, இறுதி இணைப்பு, சோதனை, அளவுத்திருத்தம். இந்த இரண்டாவது பட்டியலின் செலவைக் கூட்டிப் பார்த்தபோது நாங்களே வியந்தோம். எடையில் பெரியதாகவும் கப்பல் கட்டணத்தில் கனமாகவும் இருந்த பாகங்கள்தான் இவ்வளவு காலமும் வீணாகக் கடல் கடந்துகொண்டிருந்தன. உழைப்புச் செலவில் இந்தோனேசியக் குடிமக்களுக்குக் கொடுக்கும் ஊதியமே கணக்கில் சேரும், நம் பட்டறையிலிருந்து போய் ஒரு மாதம் தங்கி வேலை பார்ப்பவரின் ஊதியம் சேராது என்பதையும் அவர் அப்போதே சொன்னார். பயிற்சி கொடுக்க எங்கள் பொறியாளர் ஒருவர் போவது என்றும், இணைப்பு வேலை முழுவதையும் அங்குள்ளவர்களே செய்வது என்றும் அதன் பிறகே முடிவு செய்தோம்.

4ஜி கேட்வே விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்னணுப் பொருள் விற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுவே. எங்கள் கருவிகள் அளக்கும் எண்களை இணையத்துக்கு அனுப்பும் பெட்டியில் ஒரு 4ஜி மோடம் இருந்தது. இந்தோனேசியாவில் 4ஜி சாதனங்களுக்கு 2017 தொடக்கத்திலிருந்து 30 சதவீத உள்நாட்டுப் பங்கு கட்டாயமாகியது, பின்னர் அது 35 ஆகியது. அரசு வாங்கினாலும் தனியார் வாங்கினாலும் இந்த விதி பொருந்தும். நிறைவேற்றாத சாதனத்தைக் கடையில் வைத்து விற்கவே முடியாது. எங்கள் பணி நடந்துகொண்டிருந்த 2024 அக்டோபரில்தான், இதே விதியால் ஐபோன் 16 அந்த நாட்டில் விற்கத் தடை செய்யப்பட்ட செய்தி வந்தது. ஆப்பிள் நிறுவனம் அங்கே தொழிற்சாலை வைக்காமல், மென்பொருள் பயிற்சி மையங்கள் நடத்தும் முதலீட்டு வழியைத் தேர்ந்திருந்தது. ஒப்புக்கொண்ட முதலீட்டில் ஒரு பகுதி பாக்கி இருந்ததைக் காரணம் காட்டிச் சான்றிதழ் நிறுத்தப்பட்டது. பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2025 ஏப்ரலில்தான் அந்தப் போன் அங்கே விற்பனைக்கு வந்தது.

கைப்பேசிகளுக்கு 2017-இல் வந்த விதியில் உற்பத்திக்கு 70, மேம்பாட்டுக்கு 20, செயலிக்கு 10 என்று எடை பிரித்திருக்கிறார்கள் என்பதையும், முதலீட்டு உறுதிமொழி என்ற தனிப் பாதை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்பதையும் அம்மையார் பலகையில் எழுதிக் காட்டினார். பிறகு அவர் சொன்ன தீர்வு மிக எளிமையானது: 4ஜி மோடத்தைக் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே சான்றிதழ் பெற்று விற்கும் மோடம் ஒன்றைத் தோட்டம் தன் கணக்கில் வாங்கட்டும், உங்கள் பெட்டியில் ஒரு ஈதர்நெட் துளை மட்டும் இருந்தால் போதும். அந்த ஒரு மாற்றத்தால் 35 சதவீத விதி எங்கள் பொருளைத் தொடாமல் போயிற்று. அரசுக் கொள்முதலுக்கான கணக்கு மட்டுமே எஞ்சியது. சட்ட ஆலோசகர் ஒருவர் வடிவமைப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அலைவரிசை விஷயம் சிறியது. இந்தியாவில் எங்கள் ரேடியோ 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது, அங்கே 920 முதல் 923 வரை. சிப் இரண்டையும் தாங்கும், ஆன்டெனாவை மட்டும் மாற்றினோம். ஆனால் ரேடியோ சாதனத்துக்கான சான்றிதழ் தனிக் கோப்பு, தனிக் கட்டணம்.

இன்னொரு குழியிலிருந்தும் அவர் எங்களைக் காப்பாற்றினார். எல்லாப் பாகங்களையும் ஒரே கொள்கலனில் அனுப்பி, அங்கே திருகு முடுக்கிப் பொருத்திவிட்டால் 'அங்கே செய்தது' என்று சொல்லிவிடலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உலகச் சுங்க வகைப்பாட்டின் பொது விளக்க விதிகளில் இரண்டாவதன் முதல் பகுதி, பிரித்த நிலையில் ஒன்றாக வரும் பாகங்களை முழுப் பொருளாகவே வகைப்படுத்தச் சொல்கிறது. சுங்கத்தில் முழுக் கருவியாகப் பதிவான பொருளை, டி.கே.டி.என் கணக்கைப் பார்க்க வரும் சரிபார்ப்பாளர் முன் உதிரிப் பாகம் என்று காட்டினால் இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும் என்றார். பொருத்திய சர்க்யூட் போர்டுகளை மட்டும் இங்கிருந்து அனுப்பி, மற்ற அனைத்தையும் அங்கேயே வாங்குவது என்று முடிவாகியது.

அங்கே இணைத்துத் தரும் பட்டறையை மேடானில் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இவர்களே. மேடானில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன நம்மவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்போங் மெட்ராஸ் பகுதியும் அங்குள்ள மாரியம்மன் கோயிலும் பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டறையில் கணக்குகளைப் பார்ப்பவர் தமிழ் வம்சாவளியினர். முதல் காணொளிப் பேச்சில் "வணக்கம் அண்ணே, தமிழ் கொஞ்சம்தான் வரும், மெதுவா பேசுங்க" என்றார். அதற்குப் பிறகு நடந்த பேச்சுகளில் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் விலைகள் படிந்தன. அரசு அங்கீகாரம் பெற்ற சுதந்திரமான சரிபார்ப்பு நிறுவனம் பட்டறைக்கு நேரில் வந்து, வாங்கிய ரசீதுகள், ஊதியப் பதிவேடு, இயந்திரங்களின் உரிமை ஆகிய மூன்றையும் பார்த்தது. குன்னூரிலிருந்து முன்கூட்டியே அனுப்பிய கோப்பு வரிசை சரிபார்ப்பாளர் கேட்ட வரிசையிலேயே இருந்தது என்று மேடானிலிருந்து சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்த டி.கே.டி.என் 27 சதவீதம். அம்மையார் மதிப்பிட்டிருந்தது 26 முதல் 29 வரை.

இப்போது குறைகள். சான்றிதழ் இந்தோனேசிய உற்பத்தியாளர் பெயரிலேயே வரும், எங்கள் பெயரில் வராது என்பதை, மேடான் பட்டறையோடு ஒப்பந்த வரைவு கிட்டத்தட்ட முடிந்த பிறகே இவர்கள் சொன்னார்கள். நாளை அந்தப் பட்டறை எங்களை விட்டுப் போனால் சான்றிதழும் அவர்களோடு போய்விடும். வடிவமைப்பின் உரிமை, சர்க்யூட் போர்டு வழங்கும் உரிமை, பிரிந்தால் என்ன செய்வது என்ற மூன்று பிரிவுகளைக் கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டியிருந்தது, அதற்காகக் கோவையில் ஒரு வழக்குரைஞரைத் தனியாகப் பிடித்தோம். இது முதல் அமர்விலேயே சொல்ல வேண்டிய செய்தி. நான் இதை நேரில் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இப்போது புதிதாக வருபவர்களுக்குத் தரும் முதல் தாளில் அந்த வரியைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாவது குறை வேகம். இருவர் மட்டுமே உள்ள இடம். ஒருவர் ஊரில் இல்லையென்றால் கோப்பு நகராது. அந்த ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டு வந்த இரண்டு வாரங்களில், மேடானிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் போகவில்லை. சரிபார்ப்புத் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனது. இந்தோனேசிய மொழிபெயர்ப்பை வெளியே கொடுப்பதால் அதிலும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாட்கள் போகின்றன. கட்டணம் கட்டம் கட்டமாக வாங்குகிறார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்கவில்லை, எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஆயிற்று.

இந்த விதிகள் நியாயமா என்ற கேள்வி எங்களுக்குள் பலமுறை எழுந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் பொதுவாக இவற்றுக்கு எதிரானவை. அரசு தன் சொந்தப் பயனுக்கு வாங்கும் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவே இதில் தோற்றிருக்கிறது: தேசிய சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டு சோலார் செல்களையும் பலகைகளையும் கட்டாயமாக்கியதை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கில், அரசு வாங்கியது மின்சாரம், பாகுபாடு காட்டியது பலகைகளிடம், ஆகவே கொள்முதல் விலக்கு பொருந்தாது என்று 2016-இல் மேல்முறையீட்டிலும் முடிவானது. ஆனாலும் எனக்கு இந்தோனேசியாவின் மேல் கோபம் வரவில்லை. பச்சைக் கொழுந்தைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு, அதன் மதிப்பு எங்கெங்கோ கூடுவதைத் தலைமுறைகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறு விவசாயிகளின் வீட்டிலிருந்து வந்தவன் நான். தன் மண்ணில் விற்கும் பொருளில் தன் மக்களுக்கும் ஒரு கைவேலை இருக்க வேண்டும் என்று ஒரு நாடு கேட்பதன் பின்னால் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. அம்மையாரும் அந்த விதியை ஏமாற்றி நுழைய வேண்டிய குறுக்குவழியாகப் பேசியதே இல்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்வதும் அவர் வழக்கம். பிரேசிலைப் பற்றிக் கேட்டோம். அங்கே மின்னணுப் பொருளுக்குப் பெரும்பாலும் மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, எந்தெந்த உற்பத்திப் படிகளை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்று பொருள்வாரியாகப் பட்டியல் உண்டு, தனக்கு அதில் அனுபவம் இல்லை என்று கூறி வேலையை ஏற்கவில்லை. அமெரிக்க அரசுக் கொள்முதலுக்கு 2024 முதல் பாகங்களின் செலவில் 65 சதவீதம் அந்த நாட்டினுடையதாக இருக்க வேண்டும், 2029-இல் அது 75 ஆகும். இந்தியா அவர்களின் வர்த்தக ஒப்பந்தச் சட்டத்தின் சலுகை நாடுகள் பட்டியலிலும் இல்லை. ஆகவே இந்த அளவுப் பட்டறைக்கு அந்தக் கதவைத் தட்டுவது வீண் செலவு என்று ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை.

யார் போகலாம் என்று கேட்டால், பொருளின் வடிவமைப்பை இன்னும் மாற்ற இடம் இருப்பவர்கள் போக வேண்டும். அச்சுகளை வெட்டி, பெட்டிகளை வாங்கிக் குவித்த பிறகு போனால் அவரால் அதிகம் செய்ய முடியாது. போகும்போது முழுப் பொருள் பட்டியலை, ஒவ்வொரு பாகமும் எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற குறிப்போடும், கடைசியாக வாங்கிய ரசீதுகளோடும் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளரின் ஊரை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார், உற்பத்தியாளரின் நாடு வேண்டும். தொலைபேசியில் அதிகம் பேச மாட்டார். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு நேரில் போவது உசிதம், மழைக்காலமாக இருந்தால் முந்தைய நாளே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.